ஆத்தோரம் ஒரு பிளாட்டு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல மச்சான் போன் பண்ணினார். சென்னையில இருபத்தஞ்சு வருஷமா குடித்தனம் நடத்துற மனுஷன். இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டையர்மெண்ட்.

"மாப்ள, நம்ம பக்கமே வந்துடலாம்னு இருக்கேன். அகரத்துல ஒரு பிளாட்டு பாத்துருக்கேன். ஆத்தோரம்! புரோக்கர் போட்டோ அனுப்பிருக்கான். தென்னந்தோப்பு, எட்டிப் பாத்தா ஆறு, காத்து சும்மா அள்ளும்ங்கறான். டோக்கன் அட்வான்ஸ் குடுத்துடவா?"

அகரம் எங்க அப்பத்தா ஊர். சின்ன வயசுல லீவு விட்டா அங்கதான் கிடப்பேன். அதனால என்கிட்ட கேக்கறார். 'ஆத்தோரம்'னு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு சிக்கல். "ஒரு வாரம் பொறுங்க மச்சான், பாத்துட்டு சொல்றேன்"னு போனை வச்சேன். அந்த ஒரு வாரம் மூணு வாரம் ஆச்சு. அவருக்கு சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். வேற யாராவது அந்தப் பக்கம் இடம் பார்த்துக்கிட்டு இருந்தாலும் உதவும்.

முதல்ல எந்த அகரம்னு சொல்லிடறேன். தமிழ்நாட்டுல அகரம்ங்கற பேருல எத்தனை ஊர் இருக்குன்னு எண்ணி முடியாது. 2020ல் இருந்து கீழடியோட சேர்த்து தோண்டுறாங்களே, அது சிவகங்கை மாவட்டத்து அகரம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நம்ம அகரம் திண்டுக்கல்லில் இருந்து கரூர் போற ரோட்டுல, தாடிக்கொம்பை ஒட்டி இருக்கு. (அந்த ரோட்டுக்கு 44ன்னு நம்பர் மாத்தி எத்தனையோ வருஷமாச்சு. எங்க வாயில இன்னும் என்.எச்.7தான்.) தாடிக்கொம்பும் பேரூராட்சி, அகரமும் பேரூராட்சி. நகரம்னு சொன்னா சிரிப்பாங்க, கிராமம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க. அந்த மாதிரி ஊர்.

அகரம்னாலே மன்னர்கள் பிராமணர்களுக்கு தானமா விட்ட ஊர்னு அர்த்தம். தானம் குடுக்கறவன் பொட்டக்காட்டை குடுக்க மாட்டான். தண்ணி பாயற, நெல் விளையற இடமாப் பாத்துத்தான் குடுப்பான். ஆக ஊர்ப் பேருக்குள்ளயே ஆறு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. திண்டுக்கல் பக்கம் வருஷத்துக்கு சராசரியா 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துட்டு போயிடும். மிச்ச மாசமெல்லாம் பாறையும் வெயிலும்தான். இப்படிப்பட்ட சமவெளியில ஒரு அகரம் உருவாகணும்னா அதுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். குடகனாறு.

குடகனாறு கொஞ்சம் விசித்திரமான ஆறு. நம்ம ஊர் ஆறுகள் எல்லாம் மேற்கே பொறந்து கிழக்கே கடலைப் பாத்து ஓடும். இது கீழ்ப்பழனி மலையில பொறந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் வழியா இறங்கி, திண்டுக்கல்லுக்கு மேற்கே சுத்திக்கிட்டு வடக்கு பாத்து ஓடும். தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர் தாண்டி கரூர் பக்கம் அமராவதியில சேரும். அமராவதி போய் காவிரியில விழும். அதாவது, மதுரைக்காரங்களுக்கு பக்கத்து வீட்டுக்காரங்களான நாங்க தண்ணி விஷயத்துல வைகை கிடையாது, காவிரி வம்சம். இது திண்டுக்கல்காரங்களுக்கே பாதிப் பேருக்கு தெரியாது. கொடகனாறுன்னும் எழுதறாங்க. எங்க அப்பத்தாவுக்கு வெறும் 'ஆறு'தான். ஒரே ஒரு ஆறு இருக்கற ஊர்ல அதுக்கு பேர் எதுக்கு?

இருந்தாலும் மதுரை மோகம் விடுமா? தாடிக்கொம்பு சௌந்தரராஜ பெருமாள் சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் வேஷம் கட்டிக்கிட்டு குடகனாத்துல இறங்குவார். அந்தக் கோயிலை பாக்காதவங்க ஒரு தடவை போயிட்டு வாங்க. விஜயநகர - நாயக்கர் கால வேலை. மண்டபத் தூண்ல இருக்கற ஆளுயர சிற்பங்களை பாத்துட்டு மதுரை புதுமண்டபத்தை பாத்தா, ஒரே கைதான் ரெண்டையும் செதுக்குச்சோன்னு தோணும். தேய்பிறை அஷ்டமிக்கு பைரவரை கும்பிட வர்ற கூட்டத்துல சிற்பத்தை நிமிர்ந்து பாக்கறவங்க எத்தனை பேர்னு நான் எண்ணிப் பாத்ததுண்டு. ஒரு கை விரல் போதும் :-)

பெருமாள் இறங்கறப்ப நான் மூணு தடவை போயிருக்கேன். மூணு தடவையும் மணல்லதான் இறங்கினார்.

அகரத்துக்கு பேர் வாங்கிக் குடுத்தது பெருமாள் இல்லை, முத்தாலம்மன். ஐப்பசியில திருவிழா. மத்த ஊர்ல காலண்டரை பாத்து நாள் குறிப்பாங்க. இங்கே அம்மன்கிட்ட உத்தரவு கேக்கணும். பல்லி சத்தம் குடுத்தாத்தான் திருவிழா. குடுக்கலைன்னா இல்லை. எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் பல்லி வாயைத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும். அம்மனுக்கு மண்ணுல சிலை செஞ்சு, கண் திறந்து, ஊரே கூடி கும்பிட்டு, கடைசியா பூஞ்சோலைக்கு கொண்டுபோய் சேர்ப்பாங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்த காலத்தை அப்பத்தா சொல்லும். அந்த ராத்திரி எங்க வீட்டு திண்ணையில யார் யாரோ படுத்திருப்பாங்களாம். யாருன்னு கேக்கற வழக்கமே கிடையாதாம். பிராமணர்களுக்கு தானமா விட்ட ஊர்னு பேரை வச்சுக்கிட்டு, இன்னிக்கு நாலு ஜில்லாவுக்கு அது தெரியறது ஒரு மண் சிலையாலதான். ஊர்ப் பேர் எவ்வளவு தூரத்துக்கு உண்மை சொல்லும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்கு கிடைக்கலை.

சரி, ராஜா ராணி கதையை வேகமா ஓட்டிடறேன். 1605ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் திண்டுக்கல் மலைமேல கோட்டை கட்ட ஆரம்பிச்சார். 1755ல் மைசூர்ல இருந்து ஹைதர் அலி இங்கே பௌஜ்தாரா வந்தார். பிரெஞ்சுக்காரங்களை வச்சு பீரங்கிப் படையை பழக்கினது இங்கதான். 1790ல் கோட்டை வெள்ளைக்காரன் கைக்கு போச்சு, 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில சீமையே எழுதிக் குடுத்தாச்சு. இதெல்லாம் கோட்டைக்கு நடந்தது. அகரம் மாதிரி ஊருக்கு நடந்தது என்னன்னா, அளவுச் சங்கிலி வந்தது. 1796ல் கலெக்டரா வந்த ஹர்டிஸ் காலத்துலதான் திண்டுக்கல் சீமை நிலத்தையெல்லாம் அளந்து நஞ்சை, புஞ்சைன்னு பிரிச்சு தீர்வை போட்டாங்க. எந்த வயலுக்கு ஆத்துத் தண்ணி, எது மானாவாரிங்கறது அப்பதான் கணக்குப் புத்தகத்துக்குள்ள ஏறிச்சு. இதை ஏன் சொல்றேன்னா, மச்சானோட பிளாட்டு கதை கடைசியில அந்த மாதிரி ஒரு கணக்குலதான் போய் முடியுது.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க அப்பத்தா வீட்டு சுவத்துல, உள்ளே நுழைஞ்சதும் இடது பக்கம், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு இருக்கும். சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் மறையும், கொஞ்ச நாள்ல பழுப்பா திரும்ப தெரியும். சின்ன வயசுல நான் எவ்வளவு வளந்திருக்கேன்னு அந்த கோட்டோட நின்னு பாப்பேன். அது என்ன கோடுன்னு ஒரு நாள் கேட்டேன். "அது எழுவத்தேழுல ஆறு வந்து போட்ட கோடுடா"ன்னு அப்பத்தா சொல்லிட்டு வெத்தலையை மடிச்சுச்சு.

1977 நவம்பர் 12ம் தேதி நாகப்பட்டினத்துக்கு தெற்கே ஒரு புயல் கரை கடந்தது. கடலோரத்துல செஞ்ச அழிவு தனிக்கதை. அதோட நிக்காம நேரா மேற்கே உள்நாட்டுக்குள்ள நடந்து வந்து, திண்டுக்கல் பக்கத்து மலைகள்ல மழையை மொத்தமா கொட்டிடுச்சு. வருஷத்துல பாதி நாள் மணலா கிடக்கற குடகனாறு ஒரே ராத்திரியில பொங்குச்சு. அகரத்துக்கு கீழே வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில குடகனாறு அணை இருக்கு. மண் அணை. ஆத்துப் படுகையில இருந்து 11.45 மீட்டர் உயரம். வெள்ளம் வந்தப்ப ஷட்டரை தூக்க ஆரம்பிச்சிருக்காங்க, கரண்ட் போயிடுச்சு. டீசல் ஜெனரேட்டரை போட்டுப் பாத்தாங்க, அதுவும் கை குடுக்கலை. பாதி தூக்கின ஷட்டரோட அணை நின்னது. தண்ணி அணைக்கு மேலேயே ஏறி வழிஞ்சு, அந்தப் பக்கத்து சரிவை அரிச்சு, பல இடத்துல உடைச்சுக்கிட்டு போச்சு. இந்தியாவுல உடைஞ்ச அணைகள்னு எஞ்சினியருங்க பட்டியல் போட்டா அதுல குடகனாறு அணையும் இருக்கும். ஒரு வாரம் கழிச்சு நவம்பர் 19ல் ஆந்திராவுல திவிசீமை புயல் வந்து பத்தாயிரத்துக்கு மேல செத்துப்போனதுல, எங்க ஊர் வெள்ளம் பேப்பர்ல இருந்து காணாம போயிடுச்சு.

அகரம் அணைக்கு மேல இருக்கறதால உடைப்புத் தண்ணி எங்களுக்கு வரலை. வந்தது ஆத்தோட சொந்தத் தண்ணி. அப்பத்தா சொன்னதுல எனக்கு மறக்காதது, வந்த சத்தம் இல்லை, வந்த வழி. "ஆத்துப் பக்கம் இருந்து வரும்னு எல்லாரும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னோம். அது பின்னாடி பள்ளக்காட்டு வழியா வந்துச்சு. அது பழைய தடம்டா. அதுக்கு தெரியும்."

அதுக்கப்புறம் ஆறு மெதுவா செத்துச்சு. வெள்ளத்தை சொன்ன மாதிரி இதை ஒரு தேதி போட்டு சொல்ல முடியாது. திண்டுக்கல்லில் பூட்டு, புகையிலை மாதிரியே தோலும் பெரிய தொழில். ஊரைச் சுத்தி எண்பது வரைக்கும் தோல் ஷாப் இருந்தது. (எங்க ஊர்ல தொழிற்சாலைன்னு சொல்ல மாட்டோம், ஷாப்புதான்.) எத்தனையோ குடும்பத்துக்கு அதுலதான் அடுப்பு எரிஞ்சது, அதையும் சொல்லியாகணும். ஒரு கிலோ தோல் பதப்படுத்த 35 லிட்டருக்கு மேல தண்ணி வேணும். உள்ளே போன தண்ணி உப்பும் ரசாயனமுமா வெளியே வந்து குளத்துக்கு, ஓடைக்கு, கடைசியா குடகனாத்துப் படுகைக்கு. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல தீர்ப்பு சொன்னது பல பேருக்கு தெரிஞ்சிருக்கும். கெடுத்தவனே காசு குடுத்து சரி பண்ணணும்ங்கற கொள்கை இந்த நாட்டு சட்டத்துல அழுத்தமா பதிஞ்சது அதுலதான். வேலூர் வழக்குன்னு பேர் ஆகிப்போச்சு. உள்ளே படிச்சா நம்ம ஊரும் இருக்கு. அப்போ இது திண்டுக்கல் அண்ணா மாவட்டம். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கம் 13 கிராமத்துல ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அந்த தீர்ப்புலயே வருது: குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணத்துல 350 கெட்டுப்போச்சு. நாலுல மூணு! நான் முதல்ல படிச்சப்ப அச்சுப் பிழைன்னு நினைச்சேன்.

தீர்ப்புக்கு அப்புறம் நிலைமை மாறுச்சு. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஷாப்பு மூடணும்னு ஆச்சு, கழிவை பொதுவுல சுத்திகரிக்க ஏற்பாடும் வந்துச்சு. ஆனா மண்ணுக்குள்ள இறங்கின உப்பு கோர்ட்டு ஆர்டரை பாத்து மேலே ஏறி வராதே. அதுக்கு மேல மணல் போச்சு. மணல் போன இடத்துல சீமைக்கருவேலம் வந்துச்சு. மேலே ஆத்தூர் பக்கம் வர்ற தண்ணியில ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆத்துக்கு எவ்வளவுன்னு பாசனக்காரங்களுக்குள்ள பல வருஷ மல்லுக்கட்டு. ஆத்துக்காரங்க கறுப்புக்கொடி பிடிச்சாங்க, கமிட்டி போட்டாங்க. ரெண்டு பக்கமும் விவசாயிதான், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. தண்ணி இருக்கறது ஒரு பக்கத்துக்கு பத்தற அளவுக்குத்தான்.

எனக்கு ரொம்ப வேடிக்கையா படறது இன்னொன்னு. திண்டுக்கல் பகுதிக்கு குடிக்கறதுக்கு இப்ப காவிரி கூட்டுக்குடிநீர் வருது. கரூர் பக்கத்துல காவிரியில எடுத்து, குழாயில தெற்கே ஏத்தி கொண்டு வராங்க. திண்டுக்கல் கடல் மட்டத்துல இருந்து 260 மீட்டருக்கு மேல இருக்கு, கரூர் ஏறக்குறைய அதுல பாதிதான். எங்க ஆறு இருக்கே, அது இதே தண்ணியை சும்மா, கரண்ட் இல்லாம, வடக்கே இறக்கிக் கொண்டுபோய் அதே காவிரியில விட்டுக்கிட்டு இருந்தது. இப்ப மோட்டார் போட்டு திரும்ப வாங்கிக்கறோம்.

சரி, மச்சான் பிளாட்டு.

போன ரெண்டாம் சனிக்கிழமை புரோக்கரோட போயிட்டு வந்தேன். ஊரைப் பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்லை. திண்டுக்கல்லுக்கு பஸ்ஸு இருக்கு, மினி பஸ்ஸும் ஓடுது. பஸ் ஸ்டாண்டுக்கு அரை மணி நேரம். மெடிக்கல் காலேஜ் 2022ல் திறந்தாச்சு, வயசான காலத்துல அது பெரிய விஷயம். காலையில மில்லு வேன்ல பொண்ணுங்க கூட்டம் கூட்டமா போகுதுங்க. அக்கம்பக்கத்து ஆளுங்க நல்லவங்க, அதாவது எல்லாத்தையும் விசாரிப்பாங்க. கதவை சாத்திக்கிட்டு இருக்கற சென்னைப் பழக்கத்தோட வந்தா முதல் வாரமே உடம்பு சரியில்லையோன்னு வந்து தட்டிடுவாங்க. போர் தண்ணி குளிக்க, துவைக்க. குடிக்க குழாய்த் தண்ணி, அது வராத நாள் கேன். இது எதுவும் அவருக்கு புதுசு இல்லை.

பிளாட்டு அழகா இருந்துச்சு. போட்டோவுல இருந்த தென்னந்தோப்பு நிஜம்தான். வெள்ளைக்கல் நட்டு, முப்பதடி ரோடு போட்டு, ரெண்டு பக்கமும் வேப்பங்கன்னு வச்சிருந்தாங்க. நான் ஆத்தை பாக்கலை. பின்னாடி திரும்பி பாத்தேன். கடைசி வரிசை பிளாட்டுகளுக்கு பின்னால நிலம் ஒரு முழம் இறங்கி, நீளமா வளைஞ்சு போகுது. கருவேலம் அடர்த்தியா அந்த வளைவுல மட்டும். மச்சானோட நம்பர் அந்தக் கடைசி வரிசையில.

"இது என்னண்ணே பள்ளம்?"

"அதுவா சார், அது சும்மா தரிசு. மண்ணடிச்சா சரியாயிடும்."

பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தமா இருந்தது. அதுல பொய் இல்லை. நான் கேட்டது புலப்பட வரைபடம். அதுக்கு ரெண்டு வாரம் அலைஞ்சேன். வாங்கிப் பாத்தா மச்சான் பிளாட்டோட பின் எல்லையை ஒட்டி ரெண்டு கோடு இணையா வளைஞ்சு போகுது. அ-பதிவேட்டுல அந்த சர்வே நம்பருக்கு நேரா ஒரே வார்த்தை: ஓடை. ஹர்டிஸ் சங்கிலி பிடிச்சு ஆரம்பிச்ச வேலை, அதுக்கப்புறம் எத்தனையோ கணக்குப்பிள்ளைங்க கை மாறி, இன்னும் உயிரோடத்தான் இருக்கு. அப்பத்தா 'பள்ளக்காடு'ன்னு சொன்னது அதுதானான்னு கேக்க அப்பத்தா இல்லை. அதனால வீட்டுல போய் சுவத்துக்கோட்டை பாத்துட்டு வந்தேன். இப்ப அந்த வீட்டுல சித்தப்பா மகன் இருக்கான். டைல்ஸ் ஒட்டிட்டான்.

2021 கார்த்திகை மழையில நான் பாலத்துல நின்னு ஆத்தை பாத்திருக்கேன். கலங்கலா, கரை தொட்டு, கருவேலமரத்து தலை மட்டும் தெரியற மாதிரி போச்சு. ஊரே செல்போனோட பாலத்துல நின்னது. ஒரு பெரியவர் கையெடுத்து கும்பிட்டார். மச்சானுக்கு அந்த வீடியோவை தேடி அனுப்பினேன். கூடவே புலப்படத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ராத்திரி போன் வந்தது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

"அப்ப அகரமே வேணாங்கறியா மாப்ள?"

"நான் எங்க மச்சான் அப்படி சொன்னேன்? ஊருக்குள்ள மேட்டுப் பக்கம் பழைய வீடு ஒண்ணு விலைக்கு வருது. ஓட்டு வீடு. ஆறு தெரியாது. கிணறு இருக்கு, தண்ணி சப்புன்னுதான் இருக்கும். எழுவத்தேழுல அங்க தண்ணி ஏறலைன்னு எதிர்வீட்டு கிழவி சொல்லுச்சு."

"ஆறு தெரியாதா?"

"மொட்டை மாடி கட்டினா தெரியும். தண்ணி வர்ற வருஷம் பாத்துக்கலாம்."

அவர் சிரிச்சார். டோக்கன் குடுக்கலை. நேர்ல வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார், அக்காவையும் கூட்டிக்கிட்டு, முத்தாலம்மன் திருவிழாவுக்கு. ரயில்ல டிக்கெட் போடணும், தேதி சொல்லுன்னு நேத்திலேர்ந்து நச்சரிக்கறார். பல்லி இன்னும் சொல்லலை மச்சான், நான் என்ன பண்ணட்டும்?